ஆண்டு விழாவைத் திட்டமிடுவோம்

ஆண்டு விழா என்றதும் மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், நடனம் ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பெற்றோருக்கு அது வேறொன்றாகவும் இருக்கிறது. தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடவும் சேர்க்கைக்கும் மட்டுமே பள்ளிக்கு வந்து போகும் பலர், தம் பிள்ளையைப் பார்ப்பதற்காக மட்டும் பள்ளிக்குள் நுழைகிற நாள் அதுதான். அன்று பிள்ளை மேடையில் நின்றதா, வெயிலில் வாடியதா, பத்திரமாக வீடு திரும்பியதா என்பவற்றைக் கொண்டே அவர்கள் பள்ளியை மதிப்பிடுவார்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒரு மாநாட்டையோ விற்பனை விழாவையோ நடத்தும்போது, திட்டமிடலுக்கென்றே தனிக் குழு அமைத்து மாதக்கணக்கில் வேலை செய்கின்றன. நமக்கு அந்த வசதி கிடையாது. பாடம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றுக்கு இடையில்தான் விழாவையும் நடத்தியாக வேண்டும். ஆனால் அவர்கள் பின்பற்றும் முறைகளில் பெரும்பாலானவை பணம் கேட்பவை அல்ல. ஒரு நோட்டும் பேனாவும் கொஞ்சம் முன்யோசனையும் போதும். அந்த முறைகளை ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்காக 6 முதல் 10 வரை வகுப்புக்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர் என மொத்தம் 400 மாணவர்கள் உள்ள பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே “இந்த விழா யாருக்காக, எதற்காக?” என்று கேட்டு, விடையை ஒரே வரியில் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். “நம் பள்ளியின் ஒவ்வொரு மாணவரும் பெற்றோர் பார்க்க ஏதேனும் ஒன்றைச் செய்ய வேண்டும்” என்று எழுதியதாகக் கொள்வோம். அதன்பின் பல கேள்விகளுக்கு அந்த வரியே விடை சொல்லிவிடும். நன்றாக ஆடும் ஐந்து பேருக்கே நான்கு நிகழ்ச்சிகள் தருவதா, பிரிவுக்கு ஒரு குழு நிகழ்ச்சி வைப்பதா என்ற வாதம் தேவைப்படாது. மேடையேறக் கூச்சப்படும் மாணவருக்கும் ஓவியக் காட்சி, அறிவியல் மாதிரி, வரவேற்புக் குழு, மேடைப் பின்னணி வேலை என இடம் இருக்கும். மாணவர் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் செய்யப்போவதை எழுதினால், எதிரே ஒன்றும் இல்லாத பெயர்கள் யாருடையவை என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர்களிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

2. நாளும் இடமும்

நாளைக் குறிப்பதற்கு முன் மூன்று நாட்காட்டிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது பள்ளியின் தேர்வு நாட்காட்டி. இரண்டாவது ஊரின் நாட்காட்டி: கோயில் திருவிழா, அறுவடை, சந்தை நாள் ஆகியவை அதில் வரும். மூன்றாவது பேருந்து நேர அட்டவணை. பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மாணவிகளின் கடைசிப் பேருந்து 6.30 மணிக்கு என்றால், விழா 6 மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது வெயிலைக் கணக்கில் கொள்ளுங்கள். மாலையில் நிழல் கிழக்கு நோக்கி விழும். பள்ளிக் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தால், பந்தல் செலவில்லாமலே குழந்தைகளை நிழலில் உட்கார வைக்கலாம். மேடையை மேற்கே அமைத்து, நிழலும் இல்லாவிட்டால், பார்வையாளர் எல்லாருக்கும் கண்கூசும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுப் பார்ப்பது ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு நல்ல செயல்பாடு.

3. நேரக் கணக்கு

விழாக்கள் நீண்டுபோவதற்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிகள் காரணமல்ல. நிகழ்ச்சிகளுக்கு இடையிலான நேரத்தை யாரும் கணக்கில் எடுக்காததே காரணம். நம் எடுத்துக்காட்டுப் பள்ளிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

• தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி, நாட்டுப்பண் 52 நொடி: சேர்ந்து சுமார் 2 நிமிடம்
• வரவேற்புரை, நன்றியுரை: தலா 3 நிமிடம், 6 நிமிடம்
• ஆண்டறிக்கை: 8 நிமிடம்
• சிறப்பு விருந்தினர் உரை: 10 நிமிடம்
• பரிசுகள் 60, பரிசுக்கு 20 நொடி: 20 நிமிடம்
• 10 பிரிவுகளின் நிகழ்ச்சிகள், தலா 5 நிமிடம்: 50 நிமிடம்
• ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மேடை மாற்ற 2 நிமிடம்: 20 நிமிடம்
• எதிர்பாராத தாமதத்திற்கு: 15 நிமிடம்

மொத்தம் 131 நிமிடம். மாலை 3.30 மணிக்குத் தொடங்கினால் 5.41 மணிக்கு முடியும். இனி ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். மேடையில் உள்ள மேலும் நான்கு பேருக்குத் தலா 10 நிமிடம் பேச வாய்ப்புக் கொடுத்தால் விழா 6.21 மணிக்குத்தான் முடியும். பிப்ரவரி மாதத்தில் அது பொழுது சாயும் நேரம். கடைசிப் பேருந்துக்கு ஒன்பது நிமிடமே மிஞ்சும். அப்போது வெட்டப்படுவது எப்போதும் கடைசி இரண்டு நிகழ்ச்சிகள்தான். ஒரு மாதம் பழகிய எண்பது பிள்ளைகள் ஒப்பனை கலையாமல் வீடு திரும்புவார்கள். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. உரையாற்றுவோர் எண்ணிக்கையை அழைப்பிதழிலேயே வரையறுத்துவிடுவது ஒன்று. மற்றவர்களை உரைக்குப் பதிலாகப் பரிசு வழங்க அழைப்பது இன்னொன்று. பரிசு வழங்கலையும் ஒரே மூச்சில் நடத்தாமல், மேடை மாற்றும் இரண்டு நிமிட இடைவெளிகளில் ஆறு ஆறாக வழங்கினால் 20 நிமிடம் மிச்சமாகும். ஒலிவாங்கிக்கு முன் வெறுமையாகக் கழியும் நேரமும் இராது.

4. ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு தேதி

“அனைவரும் பார்த்துக்கொள்வோம்” என்ற வேலையை யாரும் பார்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒருவர் பெயரும் முடிக்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். உதவிக்கு எத்தனை பேரும் இருக்கலாம், பதில் சொல்பவர் ஒருவரே.

தேதிகளை விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டும். சில வேலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. நாள் முடிவாகாமல் விருந்தினரை அழைக்க முடியாது. விருந்தினர் இசைவு தராமல் அழைப்பிதழ் அச்சிட முடியாது. அழைப்பிதழ் கைக்கு வராமல் பெற்றோர் வேலைக்கு விடுப்புச் சொல்ல முடியாது. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு நாள் தாமதமானாலும் விழா ஏற்பாடு முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும். மாலை வாங்குவது, தோரணம் கட்டுவது போன்றவை அப்படியல்ல, அவை முன்பின் ஆனாலும் பாதகமில்லை. இவ்வாறு சங்கிலி வேலைகளைத் தனியே பிரித்துக் கண்காணிக்கும் முறையை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் தொழிற்சாலைப் பணிகளுக்காக உருவாக்கினார்கள். நமக்கு அதன் சூத்திரங்கள் வேண்டாம். சங்கிலி வேலைகளைச் சிவப்பு மையால் எழுதினால் போதும்.

எளிய காலவரிசை ஒன்று: 30 நாட்களுக்கு முன் நாள், நோக்கம், பொறுப்பாளர்கள். 25 நாட்களுக்கு முன் விருந்தினர் இசைவும் காவல் நிலைய அனுமதிக்கான விண்ணப்பமும். 15 நாட்களுக்கு முன் அழைப்பிதழ். 10 நாட்களுக்கு முன் மேடை, ஒலி, மின்சாரம் ஆகியவற்றுக்கான உறுதி. 3 நாட்களுக்கு முன் முழு ஒத்திகை.

விழா நாளில் தலைமையாசிரியரின் கையில் எந்தத் தனி வேலையும் இருக்கக் கூடாது. விருந்தினர் தாமதித்தாலும், மின்சாரம் போனாலும், குழந்தை மயங்கினாலும் முடிவெடுக்க வேண்டியவர் அவர். மேடைக்குப் பின்னே அடுத்தது எது என்று சொல்பவரும் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் மாற்றம் எதுவானாலும் அவர் வழியாகவே தொகுப்பாளருக்குப் போக வேண்டும்.

5. பட்டியலில் வராத செலவு

வரவு செலவுத் திட்டத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைப்பது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் கேட்டால் பந்தலை யார் குறைந்த வாடகைக்குத் தருவார், தண்ணீர்த் தொட்டி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் தீரும்போது அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

பள்ளியின் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. அது நடன உடை வாடகை. அந்தத் தொகை கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயின் ஒரு நாள் ஊதியமாக இருக்கக்கூடும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு நாள் ஊதியம். பணம் கொடுக்க முடியாத பிள்ளை அதை நம்மிடம் சொல்லாது. “கால் வலிக்குது மிஸ்” என்று சொல்லி ஒத்திகையிலிருந்து விலகிக்கொள்ளும். ஆர்வமாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று விலகினால் காரணத்தை வகுப்பின் முன் கேட்காமல் தனியே கேட்க வேண்டும். வாடகை உடையே வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தால் இந்தச் சங்கடமே எழாது. கும்மிக்குக் கையொலி போதும். கோலாட்டத்திற்கு இரண்டு கோல்கள், ஒயிலாட்டத்திற்கு ஒரு வண்ணத் துணி. சீருடையும் இடுப்பில் கட்டிய ஒரு துண்டும் சேர்ந்தால் மேடையில் அழகாகவே இருக்கும். நாடகத்திற்குத் தேவையான கிரீடமும் வாளும் அட்டையில் செய்யப்படும்போது ஓவியத்தில் ஆர்வமுள்ள பத்துப் பேருக்கு வேலையும் கிடைக்கும்.

6. பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாத பகுதி

1995 டிசம்பர் 23 அன்று ஹரியானா மாநிலம் தப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா திருமண மண்டபம் ஒன்றில் நடந்தது. அங்கே போடப்பட்டிருந்த செயற்கை இழைத் துணிப் பந்தலில் தீப்பற்றியது. எரியும் துணி மக்கள்மீது விழுந்தது. வெளியேறும் வழி போதவில்லை. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். நம் மாநிலத்தில் 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்ததில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டு இடங்களிலும் கூடியிருந்தவர்கள் மகிழ்ச்சியாக ஒரு விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தாம். எளிதில் எரியும் பந்தல், அவசர மின் இணைப்பு, குறுகிய வழி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ஓட நேரம் இருக்காது. எனவே பின்வருவனவற்றைப் பொறுப்பாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

• திறந்தவெளியில் பந்தலின்றி நடத்த முடியுமானால் அதுவே முதல் தெரிவு. பந்தல் வேண்டுமென்றால் கீற்றும் நைலான் துணியும் வேண்டாம். நான்கு பக்கமும் மறைப்புக் கட்டக் கூடாது.
• மின் இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரே கொடுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட வயர்கள் கூடாது. நடைபாதையின் குறுக்கே வயர் ஓடக் கூடாது. முதன்மை விசைக்கு அருகில் விழா முடியும்வரை ஒருவர் நிற்க வேண்டும்.
• ஜெனரேட்டரும் டீசலும் கூட்டத்திலிருந்து விலகி இருக்க வேண்டும்.
• வெளியேறும் வாயில்கள் குறைந்தது இரண்டு, எதிரெதிர்த் திசைகளில். விழா முடியும்வரை எதற்கும் பூட்டு கூடாது. வாயிலின் முன் இருசக்கர வாகனங்கள் நிற்கக் கூடாது.
• தீயணைப்பான், மணல் வாளி ஆகியவை மேடையின் இருபுறமும் இருக்க வேண்டும். தீயணைப்பானை இயக்கத் தெரிந்தவர் அதன் அருகில் இருக்க வேண்டும்.
• மேடையில் முதலில் பெரியவர்கள் இருபது பேர் ஏறிக் குதித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே குழந்தைகள்.
• மொட்டை மாடியிலும் கைப்பிடிச் சுவரிலும் யாரும் ஏறாதபடி மாடிப்படியைப் பூட்டிவிட வேண்டும்.
• வாணவேடிக்கை வேண்டாம்.
• 108, 101, 1098 ஆகிய எண்கள் மேடைக்குப் பின்னால் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விழா முடிந்தபின் வரும் அரைமணி நேரமும் கவனத்திற்குரியது. கூட்டம் கலையும் இருட்டு நேரத்தில்தான் குழந்தை தனியாகிவிடும். 6, 7 வகுப்புப் பிள்ளைகளை வகுப்பாசிரியர் பட்டியல்படி பெற்றோரிடம் ஒப்படைக்கட்டும். பெற்றோர் வராத பிள்ளைகளை ஓரிடத்தில் அமர வைத்து, கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும்.

7. ஒலி

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து வழி அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் பயன்படுத்தக் கூடாது. ஊரைத் தட்டியெழுப்பும் ஒரு கூம்பு ஒலிபெருக்கியைவிட, கூட்டத்தின் இருபுறமும் தாழ்வாக வைத்த இரண்டு ஒலிப்பெட்டிகள் தெளிவாகக் கேட்கும். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று ஓரிடத்தில் ஒலியைக் கூட்டினால் முன்வரிசையில் தரையில் அமர்ந்துள்ள சிறு பிள்ளைகளின் காதுகள்தான் பாதிக்கப்படும்.

8. எல்லாருக்கும் எட்டும் மேடை

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மேடை 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 7.2 மீட்டர். அவ்வளவு நீளத்திற்கு இடமோ பலகையோ இல்லையென்றால் மேடையைத் தாழ்த்துங்கள். 20 செ.மீ. மேடைக்கு 2.4 மீட்டர் போதும். மாற்றுத்திறன் மாணவரை நான்கு பேர் தூக்கி மேடையில் வைப்பது உதவியாகத் தோன்றலாம், ஆனால் அந்த மாணவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். அதிக ஒலியைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கென ஓர் அமைதியான வகுப்பறையைத் திறந்து வையுங்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்கும் அந்த அறை பயன்படும்.

9. விழாவையே பாடமாக்குதல்

திட்டமிடல் முழுவதையும் ஆசிரியர்களே செய்துவிட்டால் மாணவர்களுக்கு மிஞ்சுவது நடனம் மட்டுமே. வகுப்பறைக்கு உரிய பகுதிகளைப் பிரித்துக் கொடுக்கலாம்.

கணிதம் (8, 9): 400 மாணவர்கள், 600 பெற்றோர் என ஆயிரம் பேர். நடைபாதை உட்பட ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் எனக் கொண்டால் தேவைப்படும் பரப்பு 1000 ச.மீ. மைதானத்தை அளந்து 25 மீட்டருக்கு 40 மீட்டர் இடம் எங்கே கிடைக்கிறது என்று வரைபடம் வரையட்டும். பிறகு ஒரு வகுப்பு, 40 பேர், வாயில் வழியே ஓடாமல் இயல்பாக நடந்து வெளியேறும் நேரத்தை அளக்கட்டும். 20 நொடி ஆனால், ஆயிரம் பேருக்கு 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. இரண்டாவது வாயிலையும் திறந்தால்? இந்தக் கணக்கைத் தாமே போட்ட மாணவர்கள் பிறகு எந்தக் கூட்டத்திற்குப் போனாலும் வெளியேறும் வழி எங்கே என்று பார்ப்பார்கள்.

தமிழ்: அழைப்புக் கடிதம், காவல் நிலையத்திற்கு விண்ணப்பம், தொகுப்புரை, நன்றியுரை ஆகிய அனைத்தும் பாடப்பகுதியில் உள்ள மொழிப் பயிற்சிகளே. இங்கே அவை உண்மையான ஒருவருக்குப் போய்ச் சேரும் என்பதால் மாணவர்கள் பிழையைத் தாமே திருத்துவார்கள்.

சமூக அறிவியல்: மாணவர் குழுக்களுக்குத் தேர்தல், கூட்டக் குறிப்பு எழுதுதல், வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல்.

மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவு மாணவர்கள் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடும் வேலையைச் செய்யலாம். விழா மேலாண்மை இன்று ஒரு தொழில் என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். சென்னை வர்த்தக மையம், கோவை கொடிசியா போன்ற வளாகங்களில் நடக்கும் நிகழ்வுகளின் பின்னால் ஒலி, ஒளி, உணவு, பாதுகாப்பு, பதிவு எனப் பல பிரிவு வேலைகள் இருக்கின்றன.

10. ஒத்திகையும் மீளாய்வும்

2022-இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. மார்ச் மாதத்தில் வாய்ப்புக் கிடைத்து, ஜூலை 28-இல் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்களை வரவேற்றது தமிழ்நாடு. தொடக்க நாளுக்கு முன்பே அதே அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டு ஓர் ஒத்திகைப் போட்டியையும் நடத்தினார்கள். நாம் ஒத்திகை என்பது பெரும்பாலும் நடன ஒத்திகையைத்தான். அது மட்டும் போதாது. ஒலிவாங்கி, இசைக் கோப்பு, மேடை மாற்றம், பரிசு மேசை, வரிசை எல்லாவற்றோடும் முழு நிரலையும் ஒரு முறை கடிகாரம் வைத்து ஓட்ட வேண்டும். எந்தக் குழு மேடையேற நான்கு நிமிடம் எடுக்கிறது என்பது அப்போது தெரிந்தால் சரிசெய்யலாம், விழாவன்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

விழா முடிந்த மூன்று நாட்களுக்குள் அரைமணி நேரக் கூட்டம் ஒன்று போதும். எது நன்றாக நடந்தது, எது தாமதித்தது, அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆசிரியர்கள், மாணவர் குழுவினர், பெற்றோர் இருவர் ஆகியோர் பதில் சொல்லட்டும். அந்தக் குறிப்புகளையும் நேரப் பட்டியல், செலவுக் கணக்கு, விலைப்புள்ளிகள், தொடர்பு எண்கள் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, மாணவர் பெயர்ப் பட்டியலை அதன் முதல் பக்கமாக இணையுங்கள். பொறுப்பாசிரியர் மாறுதலில் போனாலும், இந்த ஆண்டு எந்தப் பிள்ளைக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது என்பதை அடுத்து வருபவர் பார்த்துத் தெரிந்துகொள்வார்.